கத்தி படாது என்றவர்

கண்ணுகளா, அந்த வெள்ளைச் சட்டையில் கறுப்பாக அப்பியிருந்த கிரீசைத்தான் நான் முதலில் பார்த்தேன். சூலூரில் எங்கள் சபைக்குப் பாஸ்டராக இருந்தவர் ஒரு சுருக்கம்கூட இல்லாத சட்டையோடுதான் பிரசங்கத்துக்கு நிற்பார். அன்றைக்கு மத்தியானம் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில், பிரசவ வார்டு வாசலில், கையெல்லாம் கிரீசாக மூச்சு வாங்க நின்றார். வழியில் வண்டிச் செயின் கழன்றுவிட்டதாம். மெக்கானிக்கைத் தேடாமல் தானே மாட்டிக்கொண்டு வந்திருக்கிறார். இப்போது நீங்கள் செல்போனில் யார் யாரோ கையை நீட்டித் தீர்க்கதரிசனம் சொல்வதைப் பார்த்துவிட்டு, "அப்பா, இவங்க சொல்றதெல்லாம் நடக்குமா?" என்று கேட்கிறீர்கள். பத்தாம் வகுப்போடு தறி ஓட்டப் போனவன் நான். அதற்கு விளக்கம் சொல்ல எனக்குத் தெரியாது. அவரைப் பற்றிச் சொல்லத் தெரியும்.

பெரியவளே, நீ அப்போது பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தாய். சின்னவனே, நீ அம்மா வயிற்றில் இருந்தாய். நிறைமாதப் பெண்களை ஆராதனை முடிவில் முன்னால் அழைத்து ஜெபிப்பது எங்கள் சபை வழக்கம். அப்படி அம்மாவுக்காக ஜெபித்துக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார். கண் கலங்கிவிட்டது. "இந்த மகள்மேல் கத்தி படாது என்று ஆண்டவர் சொல்லுகிறார்" என்றார். சபையே அல்லேலூயா என்றது. நானும்தான் சொன்னேன். அவர் அப்படியெல்லாம் லேசில் சொல்கிறவர் அல்ல, சொன்னதில் சிலது பலித்தும் இருக்கிறது. அம்மா அந்த வார்த்தையை அப்படியே பிடித்துக்கொண்டாள்.

வலி வந்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். வயிற்றில் நீர் வற்றிவிட்டது, பிள்ளையின் இதயத் துடிப்பு இறங்குகிறது, உடனே ஆப்பரேசன் செய்ய வேண்டும் என்றார் டாக்டரம்மா. அம்மா மாட்டேன் என்றுவிட்டாள்.

"உங்க பாஸ்டரு ஸ்கேன் பாத்தாருங்களா?" என்று டாக்டரம்மா கோபமாகக் கேட்டார். அம்மா என் பக்கம் திரும்பி, "ஏனுங்க, ஆண்டவரே சொன்னப்புறம் நாம ஊடால பூந்து கெடுக்கலாமுங்களா?" என்றாள். நான் கெஞ்சிப் பார்த்தேன், திட்டிப் பார்த்தேன். முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். வேறு வழியில்லாமல் பாஸ்டருக்குப் போன் போட்டேன். விசுவாசமாய்க் காத்திருங்கள் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்துகொண்டேதான் போட்டேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "டாக்டர் என்னங்க சொல்றாங்க?" சொன்னேன். போன் கட் ஆகிவிட்டது.

அப்படி வந்தவர்தான் கிரீஸ் கையோடு வாசலில் நின்றார். முதலில் டாக்டரம்மாவிடம் போய்க் கேட்டுக்கொண்டார். பிறகு அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில், ஆஸ்பத்திரித் தரையில், முழங்கால் போட்டார்.

"அம்மிணி, ஆப்பரேசனுக்குப் போங்க. நான் சொன்னது தப்புங்க."

"ஆண்டவரு சொன்னாருன்னு சொன்னீங்களே!"

"அவரு சொல்லலீங்க. என்ற ஊட்டுக்காரி இதே மாதிரி ஆப்பரேசன்லதான் போயிட்டா. உங்களப் பாத்ததும் அவ நெனப்பு வந்துருச்சு. எனக்கு வந்த பயத்த ஆண்டவரு வாக்குன்னு சொல்லிப்போட்டேன்."

"அப்ப ஆண்டவரு என்னதானுங்க சொல்றாரு?"

"எனக்கு ஒண்ணுமே சொல்லலீங்க அம்மிணி."

டாக்டர் கையில் இருக்கும் கத்தியும் ஆண்டவருடைய கைதான் என்று ஏதாவது சொல்லி அவர் சமாளித்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டோம். அவர் ஜெபிக்கும்போது கூட்டம் அழுததைப் பார்த்திருக்கிறேன், நானே அழுதிருக்கிறேன். ஆனால் ஆண்டவர் பக்கத்தில் நிற்கிறார் என்று எனக்குத் தோன்றியது அந்த ஒரு வார்த்தையைக் கேட்டபோதுதான். அம்மா நர்ஸ் பக்கம் திரும்பினாள். "சிஸ்டர், கூட்டிட்டுப் போங்க" என்றாள். கொடி கழுத்தைச் சுற்றித்தான், சின்னவனே, நீ வெளியே வந்தாய். அழுவதற்குள் எங்கள் உயிர் போய்விட்டது.

அடுத்த ஞாயிறு அவர் மேடை ஏறவில்லை. கீழே நின்று நடந்ததைச் சபைக்குச் சொன்னார். தறிப்பட்டறை முதலாளி ஒருவர் எழுந்தார். "போன மாசம் ஆண்டவரு பேசுனாரு, இந்த மாசம் டாக்டரம்மா பேசறாங்களாக்கும்! அப்ப எங்களுக்கெல்லாம் சொன்ன வாக்கு என்னாகறதுங்க?"

"அதையும் யோசிச்சுத்தான் பாக்கோணுமுங்க. எது அவரு சொன்னது, எது நான் சொன்னதுன்னு எனக்கே இப்பப் பயமா இருக்குதுங்க" என்றார் பாஸ்டர்.

முதலாளி வேறு சபைக்குப் போய்விட்டார். அவரோடு சில குடும்பங்களும் போயின. பாஸ்டர் யாரையும் தடுக்கவில்லை.

அம்மா தேறியதும், சின்னவனே, உன்னைச் சபைக்குத் தூக்கிப்போனோம். முதன்முதலாக வரும் பிள்ளையைப் பாஸ்டர் கையில் வாங்கி, இவன் இன்னாராக வருவான் என்று ஒரு வாக்குச் சொல்வார். எல்லாரும் அதற்காகக் காத்திருந்தார்கள். காலி பெஞ்சுகள் கண்ணுக்குத் தெரிந்தன. அவர் உன் முகத்தை வெகுநேரம் பார்த்தார்.

"இந்தப் பிள்ளை என்னவா வருவான்னு எனக்குத் தெரியாதுங்க, ஆண்டவரே. நீங்க பாத்துக்கோங்க" என்றார்.

அம்மாதான் முதலில் சொன்னாள், "ஆமென்" என்று, சபை முழுக்கக் கேட்கிற மாதிரி.