கந்தப்பளையில் கன்னேப் போர்

இலங்கை மலையகத்தின் நானுஓயாவில் ரயில் நின்றபோது காலை பதினொரு மணி. மூடுபனியில் எதிர் நடைமேடை தெரியவில்லை. அங்கிருந்து நுவரெலியா வழியாகக் கந்தப்பளைக்கு ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். என்ன வேலையாக வந்தேன் என்று வேன் ஓட்டுநர் கேட்டார். பள்ளிக்கூடத்தில் ஒரு போரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன் என்றேன். அவர் கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு வானொலியைப் போட்டார்.

திருச்சியில் இருந்துகொண்டு போர் வரலாறு எழுதுபவன் நான். என் கட்டுரையொன்றைப் படித்த வரலாற்று ஆசிரியை செல்வராணி, தன் உயர்தர வகுப்புக்கு, அதாவது நம் பிளஸ் டூவுக்கு, இரண்டு நாள் பாடம் நடத்த அழைத்திருந்தார்.

முதல் நாள் கன்னேப் போரை எடுத்துக்கொண்டேன். இத்தாலியில் கார்த்தேஜின் சிறு படை ரோமின் பெரும்படையை அழித்த கதை. கரும்பலகையில் பிறை வரைந்தேன். நடுவில் நின்ற கார்த்தேஜ் வீரர்கள் மெல்லப் பின்வாங்க, ரோமானியர் உள்ளே முண்டியடித்துப் புகுந்தார்கள். இருபுறமும் காலாட்படை நெருக்கியது. குதிரைப்படை முதுகுப்பக்கத்தை அடைத்தது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும் ராணுவக் கல்லூரிகளில் இது பாடம், சுற்றிவளைக்க நினைக்கும் தளபதிகளுக்கெல்லாம் இதுவே முன்மாதிரி என்று உற்சாகமாகச் சொன்னேன்.

மாலையில் செல்வராணி தன் வீட்டில் தேநீர் கொடுத்தார். அந்தக் குளிரிலும் முன்கதவும் பின்கதவும் திறந்தே கிடந்தன. கதவை மூடினால் அம்மாவுக்கு மூச்சு முட்டும் என்றார். பிறகு கேட்டார்: "உள்ள மாட்டுனவங்க என்ன செஞ்சாங்கன்னு எங்கயாச்சும் எழுதியிருக்காங்களா, சேர்?"

சிலர் தாங்களே மண்ணைத் தோண்டி, முகத்தைப் புதைத்து மூச்சடங்கிக் கிடந்ததாக ரோமானியக் குறிப்பு ஒன்று உண்டு என்றேன்.

அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "எங்க அப்பாவும் தோண்டுனாரு" என்றார் பிறகு.

இந்தத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வடக்கே வன்னிக்குக் குடிபெயர்ந்த குடும்பம் அது. 2009இல், ஈழப் போரின் கடைசி மாதங்களில், ராணுவம் சுற்றிவளைத்த கடலோர மணலில் அகப்பட்டுக்கொண்டார்கள். "நாங்க ஒரு பக்கம் ஓடுறோம், அந்தப் பக்கத்து சனம் எங்கள நோக்கி ஓடி வருது. அப்பத்தான் வழியில்லன்னு வெளங்குச்சு." அப்பா வெட்டிய பதுங்குகுழி அவர் மேலேயே சரிந்தது. தாயும் மகளும் அகதி முகாமில் இருந்துவிட்டு, இங்கே மாமாவின் லயத்துக்கு, தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுக்கு, திரும்பினார்கள். சந்தேகப்படுவார்களோ என்று பயந்து, எங்கிருந்து வந்தோம் என்பதை இங்கே யாரிடமும் சொல்லவில்லை.

நாளைய பாடத்தை நிறுத்திவிடலாமா என்று கேட்டேன்.

"வேணாம் சேர். நடுவுல நின்னவங்ககிட்ட இருந்து ஆரம்பிங்க."

மறுநாள் பலகையில் எதையும் வரையவில்லை. நடுவில் நின்றவனுக்கு முன்னாலிருப்பவனின் முதுகு மட்டுமே தெரியும், கத்தியை ஓங்கக்கூட இடமிருக்காது என்று தொடங்கினேன். தப்பியவர்கள் வீட்டுக்குப் போனார்களா என்று ஒரு மாணவி கேட்டாள். இல்லை, தோற்ற அவமானத்துக்காக ரோம் அவர்களைச் சிசிலித் தீவுக்கு அனுப்பியது, போர் முடியும்வரை ஊர் திரும்பக் கூடாது என்றது என்றேன்.

"நடந்ததப் பத்தி அவங்க பேசவே இல்லையா, சேர்?"

கடைசி வரிசையிலிருந்து செல்வராணி எழுந்து முன்னால் வந்தார். "நான் சொல்றேன்" என்றார். "நானும் அப்படி ஒரு எடத்துல இருந்து வந்தவதான்."

நான் போய் மாணவர்களின் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

அன்று பிற்பகல் நானுஓயாவில் ரயில் ஏறினேன். திருச்சியில் என் மேசைமேல் கன்னே அத்தியாயம் அச்சுக்குத் தயாராக இருக்கிறது. எந்தப் படை எப்போது திரும்பியது, தளபதி என்ன கணித்தார், எல்லாம் அதில் உண்டு. உள்ளே அகப்பட்டவர்களுக்கு ஒரே ஒரு வரி. அதையும் அவர்களின் எண்ணிக்கைக்குத்தான் கொடுத்திருக்கிறேன்.