ஏழாவது நிமிடத்தில் களைத்த லப்டொப்

கொம்பியூட்டர் திருத்துகிற தொழிலில் மெசினின் பிழையைக் கண்டுபிடிப்பது சுலபம். அதை வெளிநாட்டிலிருந்து அனுப்பியவரிடம் அந்தப் பிழையைச் சொல்வதுதான் பெரும்பாடு. என்னைப்போலத் திருப்புளியோடு காலம் தள்ளுகிற தோழர்களே, இது உங்களுக்குத் தெரியாததல்ல. நான் இதை எந்த வகுப்பிலும் படிக்கவில்லை. பழுதானவற்றைப் பிரித்துப் பிரித்துத்தான் படித்தேன். அதனால் என்னிடம் சான்றிதழ் கிடையாது. மெசின் சொன்னதை மாற்றிச் சொல்கிற பழக்கமும் கிடையாது.

பெயர் ஒன்று

அளவெட்டியிலிருந்து ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர் புது லப்டொப்போடு வந்தார். வீட்டிலிருக்கும் டெஸ்க்டொப்பிலும் அதே பெயர், அதே இலக்கம் உள்ள புரொசெசர்தானாம். பிறகேன் இது பிந்துகிறது என்று கேட்டார். இலக்கத்துக்குப் பின்னால் ஓர் ஆங்கில எழுத்து ஒட்டிக்கொண்டிருப்பதைக் காட்டினேன். அது லப்டொப்புக்கென்றே செய்த சிப். மெல்லிய உடம்புக்குள் வெந்துபோகாமலிருக்கக் குறைந்த மின்சாரத்தில் ஓடும். டெஸ்க்டொப் சிப்புக்கு மின்சாரமும் தாராளம், தலைக்கு மேல் தனி விசிறியும் உண்டு. பெயரை வைத்து ஒப்பிடக்கூடாது, ஒரே வேலையை இரண்டுக்கும் கொடுத்து நேரத்தைப் பார்க்கவேண்டும் என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “முப்பது வருசம் கணக்குப் படிப்பிச்சனான் தம்பி. ரெண்டு பக்கமும் ஒரே இலக்கம் நிண்டால் அது சமன்.”

சந்தனம்

இணுவிலில் ஜெயந்தி என்றொரு பிள்ளை கலியாண வீடியோக்களை வெட்டித் தொகுத்துத்தான் குடும்பத்தைப் பார்க்கிறாள். நான் பொருத்திக் கொடுத்த டெஸ்க்டொப்தான் அவளுடைய தொழில். கனடாவிலிருக்கும் தமையன் விலை கூடிய லப்டொப் ஒன்றை அனுப்பிவிட்டு, பழைய டெஸ்க்டொப் பெட்டியை ஊர் வாசிகசாலைக்குத் தருவதாகவும் சொல்லிவிட்டான். ஐந்து கலியாணம் கையில் இருக்க, புது லப்டொப் நடுவழியில் நின்று நின்று வேலை செய்தது.

திறந்து பார்த்தேன். காற்று வெளியேறும் துளைகள் முழுக்கக் காய்ந்த சந்தனம். வாணி விழாவில் சரஸ்வதி பூசைக்குப் பூசியது. கூட வந்திருந்த தாயார் கொஞ்சமும் தயங்கவில்லை. “முன்னுக்குப் பூசினால் படம் மறைக்குமெண்டுதான் தம்பி, பின்னுக்கு ஓட்டையளாப் பாத்துப் பூசினனான்.”

ஒரே கலியாணம், இரண்டு மெசின்

சந்தனத்தைச் சுரண்டித் துடைத்து அவள் வீட்டுக்குக் கொண்டுபோய் ஓட்டிப் பார்த்தபோதும் நீண்ட வேலைகளில் லப்டொப் களைத்தது. தமையன் வட்ஸ்அப்பில் வந்து, துப்புரவாக்கியாயிற்று, இனி டெஸ்க்டொப் எதற்கு என்று கேட்டான். வாசிகசாலைக்காரர்கள் அன்றே பெட்டியை ஏற்றுவதற்கு ஓட்டோ பிடித்திருந்தார்கள். அரைமணித்தியாலம் பொறுக்கச் சொன்னேன்.

இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே கலியாண வீடியோவைத் தொகுத்து முடிக்கிற வேலையை ஒரே நேரத்தில் இரண்டிலும் ஓடவிட்டேன். முதல் ஆறு நிமிடமும் லப்டொப்தான் முன்னுக்கு. தமையன் போனுக்குள் கைதட்டினான். “அண்ணை, உங்கடை பெட்டி கிழடு தட்டிப்போச்சு!” ஏழாவது நிமிடத்தில் லப்டொப்பின் விசிறி இரைந்தது. சூடு எல்லையைத் தொட்டதும் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்தது. டெஸ்க்டொப் தொடங்கிய அதே நடையில் போய் அதைக் கடந்து, வேலையையும் முடித்துவிட்டது. லப்டொப்பில் அப்போதுதான் தாலி ஏறிக்கொண்டிருந்தது.

“அது உங்கடை வெயிலின்ரை பிழை” என்றான் தமையன். “எங்கடை சனம் இந்த வெயிலுக்கைதான் கலியாணம் கட்டுது. வீடியோவும் இஞ்சைதான் ஓடவேணும்” என்றேன். அவன் கேட்டான்: “உந்த வாயோடை எப்பிடி அண்ணை கடை நடத்துறியள்?”

பெட்டியை ஏற்ற வந்தவர்கள்

இதே கேள்வியை என் மனைவி இருந்த காலம் முழுக்கக் கேட்டாள்.

ஓட்டோ வாசலில் நின்றது. ஊருக்குச் சொன்ன சொல்லை மாற்றினால் தனக்கு வெட்கம் என்று தமையன் போனில் பிடிவாதமாக நின்றான். ஜெயந்தி என்னிடம் திரும்பி, லப்டொப் எதற்குத்தான் உதவும் என்று கேட்டாள். உள்ளதைச் சொன்னேன். கலியாண மண்டபத்தில் வைத்தே கமெராவிலிருந்து படங்களை இறக்கலாம், கரண்ட் நின்றாலும் வேலை செய்யலாம், சின்ன வெட்டுகளுக்குப் பெட்டியைவிட அதுதான் வேகம். மூன்று மணித்தியாலக் கலியாணத்தை ஒரே மூச்சில் முடிக்கப் பெட்டிதான் வேண்டும்.

அவள் லப்டொப்பைப் பைக்குள் வைத்தாள். பிறகு டெஸ்க்டொப்பின் மேல் கையை ஊன்றிக்கொண்டு போனைப் பார்த்துச் சொன்னாள்: “அண்ணை, நீங்கள் அனுப்பினது கலியாண வீட்டுக்கு என்னோடை வரும். ஆனால் எங்களுக்குச் சோறு போடுறது இந்தப் பெட்டி. இதை ஏத்திறதெண்டால் என்னையும் சேத்து ஏத்தச் சொல்லுங்கோ.”

இத்தனை வருடத்தில் நான் கண்டது இவ்வளவுதான்: சூடேறினால் புரொசெசர் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதை அனுப்பியவர்களோ குரலைக் கூட்டுவார்கள், அந்த இரண்டாவதுக்கு என் கடையில் விசிறி விற்பனைக்கு இல்லை.