பேனரில் விடுபட்ட பெயர்

சின்ன மாமி இறந்த அன்று கண்ணீர் அஞ்சலி பேனருக்கு வரிகள் எழுதும் வேலை எனக்கு வந்தது. வீட்டில் ஏ.எல். பரீட்சை வரை படித்தவள் நான் மட்டுமே. புளத்கொகுபிட்டி டவுனில் பேனர் அடிக்கும் சிங்களவருக்குத் தமிழ் தெரியாது. போனில் அனுப்புவதை அப்படியே அச்சடிப்பார். பிழை இருந்தால் அது என்னுடையதுதான்.

சின்ன மாமி என் மாமியின், அதாவது என் கணவரின் அம்மாவின், தங்கை. கல்யாணம் முடிக்காதவர். ரப்பர் மலையில் தன்னோடு பால் வெட்டிய ஒரு பெண்ணுடன், என் கணவர் பிறப்பதற்கு முன்பிருந்தே, தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் கடைசிக் காம்பராவில் வாழ்ந்தார். அந்தப் பெண்ணை என் கணவர் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவார். நானும் அப்படியே. ஒரே அடுப்பு, ஒரே பாய். லயத்தில் தெரியாதவர்கள் இல்லை. பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது யாராவது பெரியம்மாவைச் சீண்டுவார்கள்:

"என்னா, ஒங்க வீட்டுக்காரரு இன்னும் மலையிலேருந்து எறங்கலையா?"

"எறங்குனதும் ஒன்னயதான் மொதல்ல வந்து பாக்கச் சொல்றேன். கொடத்த நகத்துடி!" என்பார் பெரியம்மா.

பேனருக்கு அவர் பெயரையும் டைப் செய்திருந்தேன். மாமி எட்டிப் பார்த்தார்.

"அவ பேரு வேணாம் புள்ள. என்னா மொறன்னு போடுவ? நாலு பேரு வந்து வாசிப்பாங்க. நமக்கும் ஒரு பொம்பளப் புள்ள இருக்குல்ல."

மகள் என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். அந்த வரியை அழித்துவிட்டு அனுப்பினேன்.

பெரியம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. பேனர் முன்னால் நின்று கேட்டார்: "எம் பேரு எங்க புள்ள இருக்கு?"

'உற்றார் உறவினர்' என்ற கடைசி வரியைக் காட்டி, "இதுலதான் பெரியம்மா" என்றேன். அது முழுப் பொய்தானா என்று இன்றும் எனக்குள் வழக்காடுகிறேன். அவர் அந்த எழுத்துகளைத் தடவிப் பார்த்தார். காரியம் முடிந்ததும் பேனரைக் கழற்றி மடித்து வைத்துக்கொண்டார்.

தோட்டம் கொடுத்த காம்பரா சின்ன மாமியின் பெயரில் இருந்தது. மூன்றாம் மாதம் தோட்டத்து ஆபிஸில் அதைத் திருப்பிக் கேட்டார்கள். செத்தவருக்கு உறவு என்று காட்ட ஏதாவது இருந்தால் கொண்டு வரச் சொன்னார்களாம். பெரியம்மா அந்தப் பேனரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார். கிளாக்கர் மேசையில் விரித்து இரண்டு தரம் வாசித்திருக்கிறார்.

திரும்பும் வழியில் எங்கள் வாசலில் நின்றார். நான் மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன்.

"இல்லையாமே புள்ள."

கையிலிருந்த உருண்டையை மகளின் வாயில் வைத்தேன்.

"நீ படிச்ச புள்ள. எங்கள யாராச்சும் எழுதி வச்சா அது நீதான்னு நெனச்சேன்."

அடுத்த வாரம் காம்பராவைக் காலி செய்துகொண்டு ஓப்பநாயக்கவில் இருக்கும் தன் தம்பி மகன் வீட்டுக்குப் போய்விட்டார்.

அண்மையில் ஒரு நாள் டிவியில், பெண்ணும் பெண்ணும் ஆணும் ஆணும் சேர்ந்து வாழ்வதைக் குற்றமாக வைத்திருக்கும் சட்டத்தைப் பற்றி விவாதம் நடந்தது. எங்கள் வீட்டுக்கு வந்திருந்த தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் சிரித்தார்.

"இதெல்லாம் வெளிநாட்டுக்காரன் கொண்டாந்தது தம்பி. நம்ம தோட்டத்துல இப்பிடி யாராச்சும் இருந்தாங்களா?"

"யாரு இருந்தா தலைவரே" என்றார் என் கணவர். சின்ன மாமியும் பெரியம்மாவும் மாறி மாறி ஊட்டிவிட வளர்ந்தவர். மாமி டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுத்துப் பேசினால் எதைக் காட்டுவேன்? இருந்தது அந்த ஒரு பேனர். தலைவர் சொன்னதை முன்கூட்டியே அச்சடித்துக் கொடுத்திருந்தவள் நான்தான். தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

என் மகள் வளர்ந்து யாரை விரும்புவாளோ, தெரியாது. அவளிடமும் ஒரு நாள், நம்மில் இப்படி யாரும் இருந்ததில்லை என்று ஒருவர் சொல்லலாம். அதை வைத்தே அவளை வீட்டிலிருந்தோ ஊரிலிருந்தோ வெளியேற்றலாம். அன்றைக்கு அவள் கையில் ஏதாவது இருக்க வேண்டும். அதற்காகத்தான் அவளுடைய சித்திரக் கொப்பியின் பின்பக்கங்களில் இதை எழுதுகிறேன். மாமி கோயிலுக்குப் போயிருக்கிறார்.

காம்பராவை எழுதிவிட்டேன். பீலியடிப் பேச்சையும் எழுதிவிட்டேன். இரண்டு பெயர்களுக்கும் எழுதத் தொடங்கிய பக்கத்தில் இடம் விட்டிருக்கிறேன். பேனா கையில்தான் இருக்கிறது. வாசலில் மாமி செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்கிறது.