தானாக இறங்கிய பேட்டரி

பூட்டி நிறுத்திய வண்டியின் பேட்டரி தானாகவே இறங்கும் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? எங்கள் முதலாளி நம்பவில்லை. அறுபதுகளின் நடுவில் திருப்பூர் மங்கலம் சாலையில் பனியன் துணி வெளுக்கும் சலவைப் பட்டறை வைத்திருந்தவர் அவர். நான் அவருடைய கார் டிரைவர். இரண்டு நாள் வண்டி நின்றால் மூன்றாம் நாள் ஸ்டார்ட் ஆகாது. பட்டறை ஆட்கள் துணியை அப்படியே போட்டுவிட்டு வந்து தள்ளுவார்கள். ராத்திரி விளக்கைப் போட்டு நான் எங்கோ ஓட்டுவதால்தான் பேட்டரி இறங்குகிறது என்பது முதலாளியின் கணக்கு.

"ராத்திரி வண்டிய எங்க கொண்டு போறீன்னு சொல்லீரு. உட்டர்றேன்" என்றார் முதலாளி.

ஓடிய மைல் கூடவில்லையே என்று மீட்டரைக் காட்டினேன். மீட்டர் வயரைக் கழற்றிவிட்டு ஓட்டத் தெரியாத டிரைவர் உண்டா என்று கேட்டார். இந்தப் பேச்சு வெளியே போனால் திருப்பூரில் எவனும் என்னை நம்பிச் சாவி கொடுக்கமாட்டான். எனக்குத் தெரிந்ததோ இந்த ஒரு தொழில். நிஜமாகவே எங்கும் போகவில்லையா என்று என் மனைவியே ஒருநாள் கேட்டுவிட்டாள். அன்றைக்குச் செத்துப்போனால் தேவலை என்றிருந்தது.

பேட்டரிக் கடைக்காரரிடம் காலில் விழாத குறையாக நின்றேன். அவர் முழுக்க சார்ஜ் ஏற்றி, பேட்டரியின் ஒவ்வொரு அறையிலும் சார்ஜைக் காட்டும் ஹைட்ரோமீட்டரை விட்டு அளந்து, சீட்டில் குறித்துக்கொண்டார். மேல்பக்கத்தை ஈரமில்லாமல் துடைத்து, ஒரு வயரும் மாட்டாமல், முதலாளியின் அறையிலேயே பலகை மேல் வைத்துப் பூட்டச் சொன்னார். அறைச் சாவி முதலாளியின் மடியில். நான்காம் நாள் அளந்தால் பேட்டரியின் எல்லா அறையிலும் மிதவை தாழ்ந்து நின்றது; யாரும் தொடாமலே சார்ஜ் இறங்கியிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பேட்டரியில் என்ன தண்ணீர் ஊற்றினீர்கள் என்று கடைக்காரர் கேட்டார். காய்ச்சி வடித்த தண்ணீரைக் காசு கொடுத்து வாங்குவதா, நம் கிணற்றுத் தண்ணீரைவிடவா அது சுத்தம் என்று ஊற்றச் சொன்னதே முதலாளிதான். பனியனை அப்படி வெளுக்கிற தண்ணீர் என்று வெளியூர் வியாபாரிகளுக்கு டம்ளரில் மொண்டு காட்டுவார். பட்டறையின் பிளீச்சிங் பவுடர் இறங்கி ஊறிய கிணறு அது; அந்தத் தண்ணீர் சேர்ந்தால் பேட்டரி சும்மா இருந்தே இறங்கிவிடும். கடைக்காரர் முதலாளியின் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். எனக்கு அந்தப் புத்தி இல்லை.

"நம்ம கெணத்துத் தண்ணிதானுங்க பேட்டரியக் கெடுத்துப்போடுச்சு" என்றேன், சந்தோஷமாக.

முதலாளி, "வண்டிச் சாவிய வெச்சுட்டுப் போ" என்றார்.

தண்ணீர் கெட்டது என்று ஊருக்குத் தெரிந்தால் பட்டறைக்குத் துணி வராது. அது எனக்கு உறைத்தபோது தெருவில் நின்றுகொண்டிருந்தேன். அதற்குப் பிறகு வேலை கேட்டுப் போன இடத்திலெல்லாம், ராத்திரியில் வண்டி எடுத்த ஆள்தானே என்றார்கள். முதலாளியே சொல்லியிருந்தாராம்.