டிரா ஆனால் பாத்திரம் அப்பாவுக்கு

எங்கள் குடியிருப்பில் லிப்ட் மக்கர் பண்ணினால் வருகிற மெக்கானிக்குக்கு இரண்டு பெண்கள். மனைவிக்கு ஆஸ்பத்திரியில் மாலை ஷிப்ட். அதனால் சாப்பிட்ட பாத்திரம் யார் தலையில் விழும் என்பதை அந்த வீட்டில் செஸ் போர்டுதான் முடிவு செய்யும். தோற்றவள் கழுவ வேண்டும். டிரா ஆனால் அப்பா. சட்டம் போட்டது அவரேதான். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். பெண்கள் இரண்டும் கண்ணாலேயே பேசி டிரா செய்யக் கற்றுக்கொண்டார்கள். தெரிந்தும் மனுஷன் முணுமுணுத்துக்கொண்டே கழுவினார்.

அப்படி வளர்ந்தவர்களைச் மாநிலச் சிறுமியர் செஸ் போட்டியின் கடைசிச் சுற்றில் எதிரெதிரே உட்கார வைத்துவிட்டார்கள். ஜெயிப்பவள் தேசியப் போட்டிக்குப் போவாள். டிரா என்றால் இருவருக்கும் இல்லை. ஆட்டத்தை முன்பே முடித்துவிட்ட வேறொரு பெண்ணுக்குப் புள்ளிக் கணக்கில் அந்த இடம் போய்விடும். பெரியவளுக்கு அடுத்த வருஷம் வயது தாண்டிவிடும்.

பெற்றவர்களுக்கு உள்ளே அனுமதி கிடையாது. மெக்கானிக் வெளியே பெஞ்சில் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"யார் ஜெயிச்சாலும் உங்க வீட்டுக்குத்தானே?" என்றாள் பக்கத்தில் இருந்த ஓர் அம்மா.

"ஆமாங்க, எவளாவது ஒருத்தி போனா போதும்."

இருவரும் சேர்ந்தே வெளியே வந்தார்கள்.

"டிராப்பா," என்றாள் பெரியவள். சின்னவள் அவரைப் பார்க்கவே இல்லை.

அவருக்குச் சுர்ரென்று ஏறியது. "இங்கயுமா? என்னைப் பாத்திரம் கழுவ வைக்கிற விளையாட்டு இங்கயுமா?"

பஸ் பிடித்து வீடு வந்து சேர்ந்தார்கள்.

கோபம் இருந்தாலும் சட்டம் சட்டம்தானே. சாப்பாடு முடிந்ததும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு சிங்க் முன்னால் நின்றார். பெரியவள் வந்தாள்.

"தள்ளுங்கப்பா. நான் கழுவுறேன்."

"டிராதானே?"

"இல்லப்பா. அவ ஜெயிச்சுக்கிட்டிருந்தா. இன்னும் கொஞ்ச நேரத்துல முடிச்சிருப்பா. நான்தான் டிரா கேட்டேன். தங்கச்சிகிட்ட தோக்க மனசு வரல. அக்கா கேட்டா மாட்டேன்னு சொல்ல மாட்டா. அது தெரிஞ்சுதான் கேட்டேன்."

அவருக்கு மனசு வலித்தது. எந்தப் பெண்ணுக்காக என்று அவருக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை. தேய்க்கிற நாரை அவள் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்து நின்றார்.

உள்ளறையிலிருந்து சின்னவள் கத்தினாள்: "அந்த அடிப்பிடிச்ச சட்டியை நல்லா தேய்ச்சிடு அக்கா!"

வழக்கமான கிண்டல்தான். ஆனால் குரலில் அழுகை இன்னும் மிச்சமிருந்தது.