பின்னால் படம் ஒட்டிய கண்ணாடி

டிவியில் வரும் ஆளின் முகம் போட்ட பனியனுக்கு என் பேரன்மார் பணத்தைக் கொட்டிக் கொடுக்கிறார்கள். இரண்டு தடவை துவைத்தால் முகத்தைக் காணோம். என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனால் தொட்டதும் தரம் சொல்லிவிடுவேன். செக்காலைக் கடைத்தெருவில் இன்று எனக்கு இரண்டு கடை இருக்கிறதென்றால் இந்த விரலால் வந்ததுதான்.

அறுபதுகளின் கடைசி. டிவி என்ற பேரே எங்கள் பக்கம் தெரியாது, எல்லாம் சினிமாதான். அப்போது லாரியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன். கல்யாணமான புதிது. எனக்கு ஒரு நடிகர் உயிர். சிங்கம்புணரியிலிருந்து வந்த என் மனைவிக்கு அவருடைய எதிராளி. அந்த எதிராளியின் படம் படுத்துவிட்டது என்று கேள்விப்பட்ட அன்று, சாப்பிடும்போது அவர் அழுவதுபோல் நடித்துக் காட்டினேன். சோற்றுச் சட்டியை என் முன்னால் வைத்துவிட்டு எழுந்து போனவள், அதற்குப் பிறகு பேசவே இல்லை. ஆடிக்கு அழைத்துப்போக அவள் அண்ணன் வரவேண்டிய நேரம். இந்த முகத்தோடு அனுப்பினால் திரும்பி வருவாளோ, மாட்டாளோ.

சந்தையில் வளையல் கடைக்குப் போனேன். தகர விளிம்பு வைத்த வட்டக் கண்ணாடி, பின்னால் நடிகர் படம். என் ஆள் படம் என்றால் விலை ஏணி வைத்தாலும் எட்டாது. எதிராளி படம் மூலையில் தூசியோடு கிடந்தது. படம் படுத்தால் அந்த ஆளின் சாமான் விலையும் படுக்கும், கண்ணாடியா படுக்கும்? இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

விரலில் எச்சில் தொட்டுப் படத்தைத் தேய்த்தேன். மீசை விரலோடு வந்தது.

கடைக்காரர், "வாங்காமலே மீசைய எடுத்துட்டீக. இனி இத யாரு வாங்குவா?" என்றார்.

"மழ பேஞ்சா அதுவே போயிரும். மேல கண்ணாடித்தாள் ஒட்டுனது இருந்தா எடுங்க."

உள்ளேயிருந்து ஒன்று வந்தது. தேய்த்தேன், அசையவில்லை. பாதி விலைக்கு முடித்தேன். திரும்பினால், என்னோடு மூட்டை தூக்குகிறவன் நிற்கிறான்.

"என்ன மாப்ள, கட்சி மாறிட்டீகளோ?"

"மாறல. ஆடி வருது."

அவனுக்கும் கல்யாணமாகியிருந்தது. சிரிக்காமல், "அப்ப எனக்கும் ஒண்ணு பாத்து எடு" என்றான்.

கண்ணாடியை அடுப்படியில் வைத்தேன். அவள் எடுத்து, திருப்பி, விரலில் எச்சில் தொட்டுத் தேய்த்தாள். என்னை மிஞ்சிய கைகாரி.

"எம்புட்டுக் குடுத்தீக?"

"நல்ல சாமானுக்கு வெல கேக்கக் கூடாது."

ஆடிக்குப் போனவள் ஆவணி பிறந்த அன்றே வந்துவிட்டாள், கண்ணாடியும் கையுமாக. பாதி விலைக்கு வாங்கிய என் சாமர்த்தியத்தை ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன், அவளிடம் மட்டும் சொன்னதில்லை. கண்ணாடியில் இப்போது அங்கங்கே ரசம் போய்விட்டது. படம் அப்படியே இருக்கிறது. சவரம் செய்ய நான் கண்ணாடிப் பக்கம் திருப்பி மாட்டுவேன். முகம் கழுவி வருவதற்குள் அவள் மறுபடி படத்துப் பக்கம் திருப்பியிருப்பாள்.