டிரைவர் போய்வந்த ஊர்

அந்தத் தெருவில் அவரை எல்லாரும் டிரைவர் என்றுதான் கூப்பிடுவார்கள். பஸ் ஓட்டுகிறவரும் லாரி ஓட்டுகிறவரும்கூடத் தெருவில் உண்டு. அவர்களுக்கு அவரவர் பெயரே போதும் என்று விட்டுவிட்டார்கள். இவர் ஓட்டியது இன்டர்சிட்டி ரயில். காலையில் இந்த நகரத்தில் கிளப்பி மத்தியானம் அந்த நகரத்தில் கொண்டுபோய் நிறுத்துவார். அங்கே ஸ்டேஷன் மதிலுக்குள்ளேயே ரயில் ஊழியர்கள் தங்கும் விடுதி ஒன்று இருந்தது. அதில் சாப்பிட்டுப் படுப்பார். விடியற்காலையில் எழுந்து வண்டியைத் திருப்பிக்கொண்டு வருவார். உத்தியோகத்தில் பெரும்பகுதி இப்படியே போனது.

இத்தனை வருஷம் போய்வந்தவருக்கு அந்த ஊர் தண்ணீர் பட்ட பாடாகத்தான் இருக்கும் என்று தெரு நம்பியது. கண் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர், பையனைக் காலேஜில் சேர்க்கப் போகிறவர் என்று எல்லாரும் முந்தின நாள் வந்து வழி கேட்பார்கள். டிரைவர் கொஞ்சம் யோசித்து, "வெளியே வந்து யாரைக் கேட்டாலும் சொல்வாங்க" என்பார். உலகத்தில் எந்த ஊருக்கும் பொருந்தும் பதில் அது என்பது யாருக்கும் உறைக்கவில்லை. போய்த் திரும்பியவர்கள், "நீங்க சொன்னபடியே போய்ச் சேர்ந்துட்டோம்" என்று நன்றி சொன்னார்கள்.

விஷயம் என்னவென்றால், டிரைவர் அந்த ஸ்டேஷன் வாசலைத் தாண்டியதே இல்லை. முதல் வருஷம் ஒரு நடை போய்ப் பார்க்கலாம் என்றுதான் நினைத்திருந்தார். ஆனால் இறங்கும்போது கண் எரியும். குளித்துச் சாப்பிட்டால் தூக்கம் தள்ளும். எழுந்தால் பொழுது சாய்ந்திருக்கும். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டதில் ஓய்வுபெறும் வயது வந்துவிட்டது.

ஓய்வுபெற்ற கையோடு மகளுக்கு அந்த ஊரிலேயே வேலை கிடைத்தது. வாடகைக்கு வீடு பிடித்துவிட்டுப் போன் செய்தாள். "ரெண்டு பேரும் வந்து கொஞ்ச நாள் இருங்கப்பா. நான் ஸ்டேஷனுக்கு வந்துடறேன்."

"எனக்கே நீ வழி காட்டப்போறியா?" என்றார் டிரைவர். மனைவி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அவரால் வேறு எதுவும் சொல்லியிருக்க முடியாது.

அதே இன்டர்சிட்டியில், ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வண்டி கிளம்பியதும் டிரைவருக்கு உடம்பு ஒரு நிலையில் இல்லை. உலகம் எதிரே வராமல் பக்கவாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. சிக்னல் என்ன நிறம் என்று தெரியாமல் மனிதர்கள் எப்படி நிம்மதியாகப் பேப்பர் படிக்கிறார்கள் என்று பார்த்தார். வளைவு வந்தபோது, "இங்கே பிரேக் பிடிக்கணும், இங்கே பிடிக்கணும்" என்று முணுமுணுத்தபடி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

எதிரே இருந்த பெண்மணி இரக்கத்தோடு மனைவியிடம் கேட்டார். "சாருக்கு ரயில்னா பயமாங்க?"

"பழக்கம் இல்ல" என்றாள் மனைவி.

ஸ்டேஷன்கள் ஒவ்வொன்றாக வந்தன. எஞ்சின் போய் நிற்பது பிளாட்பாரத்தின் கடைசியில். அதனால் ஸ்டேஷன் என்றால் அவருக்கு ஒரு சரிவும், ஒரு தண்ணீர்க் குழாயும், எடைபோட்ட மூட்டைகளும்தான். நடுப் பிளாட்பாரத்தில் புத்தகக் கடை, பூந்தொட்டி, செருப்புத் தைப்பவர், மூக்கு உடைந்த ஒரு சிலை, இதெல்லாம் இருக்கிறது என்று இப்போதுதான் தெரிந்தது. மகள் பாதி வழியில் ஓர் ஊரில் படித்த காலத்தில் இந்த ரயிலில் அடிக்கடி போய்வந்த மனைவிக்கு எல்லாம் அத்துப்படி. "அடுத்த ஸ்டேஷன்ல டீ வாங்காதீங்க. அதுக்கடுத்ததுல நல்லா இருக்கும்" என்றாள். டிரைவர் கேட்டுக்கொண்டார்.

மத்தியானம் போய்ச் சேர்ந்தார்கள். வாசலுக்கு வந்ததும் மூன்று சாலைகள் பிரிந்தன. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலிருந்தது. ஆனால் மனைவி முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால், இடது பக்கச் சாலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார். சாலை ஒரு கிடங்கைச் சுற்றி, மரக்கடை ஒன்றைச் சுற்றி, ஒரு மதிலோரமாகவே போய், மதிலில் இருந்த சின்ன இரும்புக் கதவில் முடிந்தது. உள்ளே தெரிந்தது ரயில் ஊழியர் விடுதி.

"இதுவா நம்ம பொண்ணு வீடு?" என்று கேட்டாள் மனைவி.

டிரைவர் பெட்டியைக் கீழே வைத்தார். முழுப் பூசணிக்காயை இனிமேல் எந்தச் சோற்றில் மறைப்பது? "எனக்கு இந்த ஊர் தெரியாது" என்றார். "இந்த இடம் மட்டும்தான் தெரியும்."

அதற்குள் விடுதிச் சமையல்காரர் எட்டிப் பார்த்துவிட்டார். "அண்ணே, வாங்க. அண்ணி, வாங்க" என்று உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். மனைவி உட்காரவில்லை. நீள அறையைச் சுற்றிவந்தாள். கட்டில்கள், போர்வைகள், சுவரில் ஆணிகள். "இவர் எங்கே படுப்பார்?" என்று கேட்டாள். சமையல்காரர் மூலைக் கட்டிலைக் காட்டினார். ஜன்னலைத் திறந்தால் தண்ணீர்த்தொட்டி தெரிந்தது.

"சாயங்காலம் எங்கே போவார்?"

"எங்கே போறது? சோப்பு வாங்கக்கூட என்னைத்தான் அனுப்புவார் அண்ணி. வண்டி வந்தா வருவார், வண்டி போனா போவார். செக்குமாடு கணக்குதான்."

மனைவி அந்தக் கட்டிலிலேயே உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் தண்ணீர்த்தொட்டியைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். "கல்யாணம் ஆன புதுசுல என் ஓரகத்தி சொன்னா. ரயில் ஓட்டறவங்களுக்கு ரெண்டு ஊர்லயும் அடுப்பு எரியும்னு."

டிரைவருக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்ததும், "நம்பினியா?" என்றார்.

"நம்பவும் இல்ல, நம்பாமலும் இல்ல. நீங்க வந்ததும் சட்டையை மோந்து பார்ப்பேன். டீசல் வாசனைதான் வரும். அவ டீசல் பக்கத்துல இருக்கறவளோன்னு நினைச்சுக்குவேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"ஊரைப் பத்திக் கேட்டாலே வாயே திறக்க மாட்டீங்க. மறைக்கிறவன்தானே அப்படி இருப்பான்?"

 அவளுக்குச் சந்தோஷமா கோபமா என்று டிரைவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவளுக்குமே தெரிந்திருக்காது. இத்தனை வருஷமாக மனதுக்குள் ஒருத்தியோடு சண்டை போட்டிருக்கிறாள். சில நாள் அவளுக்காகப் பரிதாபமும் பட்டிருக்கிறாள். கடைசியில் அங்கே இருந்தது ஒரு தண்ணீர்த்தொட்டி.

மகளுக்குப் போன் செய்தார்கள். ஆட்டோவில் வந்தவள், "ஏம்மா, அப்பா வழி தெரியும்னாரே?" என்றாள்.

"தெரிஞ்ச இடத்துக்குத்தான் கூட்டிட்டு வந்தார்" என்றாள் அம்மா. அந்த விஷயத்தை அதோடு விட்டாள்.

அங்கே தங்கியிருந்த நாட்களில் காலை ஆனதும் மனைவி செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பாள். டிரைவர் பின்னாலேயே போவார். எந்த பஸ் எங்கே போகும் என்று அவளே விசாரித்தாள். கடைத்தெரு, பூங்கா, துறைமுகம் என்று ஒன்றையும் விடவில்லை. துறைமுகத்தில் கப்பல்களைப் பார்த்து, "எனக்குத் தெரிஞ்சிருந்தா வந்திருப்பேன்" என்றார் டிரைவர். "விடுதியிலேர்ந்து பொடிநடை தூரம்" என்றாள் மனைவி.

பிறகு மாதம் ஒருமுறை போய்வருவது வழக்கமாயிற்று. ஒருதடவை மனைவிக்குக் காய்ச்சல். டிரைவர் தனியாகக் கிளம்பினார். பாதி வழியில் ஒரு ஸ்டேஷனில் டீ குடிக்க இறங்கியவர், அப்படியே மேம்பாலத்தில் ஏறி ஊர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். கீழே வண்டி ஊதிவிட்டுக் கிளம்பியது. பிசிறில்லாமல் எடுத்தான் எஞ்சினில் இருந்த பையன். நன்றாக ஓட்டுகிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதுதான், தன்னுடைய பை அதில் போகிறது என்று உறைத்தது.

மனைவிக்குப் போன் செய்து சொன்னார். 

"இப்ப எந்த ஊர்ல இருக்கீங்க?"

பெயர்ப்பலகையைப் பார்த்துச் சொன்னார்.

"அங்கே யாரையாவது தெரியுமா?"

"ஒருத்தரையும் தெரியாது."

"சரி, அடுத்த வண்டில போங்க. சாப்பிட்டுட்டுப் போங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

அடுத்த வண்டி சாயங்காலம்தான். டிரைவர் படியிறங்கி, ஸ்டேஷனுக்கு வெளியே வந்து, எதிரே வந்தவரிடம் கடைத்தெருவுக்கு வழி கேட்டார்.